ஏரிக்கரையும் சங்கத்து வேலைதான்



போன மாதம் கண்டியில் நடந்த தோட்டத் தலைவர்மார் கூட்டத்தில் மாதர் தலைவி ஒருவர் எழுந்து ஒரு முறைப்பாடு சொன்னார். அவருடைய தோட்டத்துக்குள்ளே ஒரு ஏரி இருக்கிறது. பிள்ளைகளைக் குளிப்பாட்டவும், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் லயத்துச் சனம் போய் வந்த கரை அது. இப்போது அதற்கு வேலி போட்டு, கேட் வைத்து, டிக்கட் விற்கிறார்கள். கேட்டுக்குப் போன பிள்ளைகளைக் காவற்காரர் விரட்டியிருக்கிறார்.

"முப்பது வருஷமா அந்த ஏரிக்கு மேல உள்ள மலையில கொழுந்து எடுக்குறேன். ஒரு நாளு அந்தப் புல்லுல உக்காந்ததில்ல. இனிமே உக்காரணும்னா காசு குடுக்கணுமாம். சங்கம் இதக் கேக்கணும்" என்றார்.

பின் வரிசையிலிருந்து ஒரு தலைவர் சொன்னார்: "சம்பளத்துக்கே வழியக் காணோம். நமக்குப் படகுச் சவாரி ஒண்ணுதான் கொறச்சலாக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தத் தோழியர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் அவருடைய முறைப்பாடு ஏறவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது: தப்பு நம் பக்கம். அவருடைய தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒரு தோட்டத்துக் கேள்வி அல்ல. சிரித்த நமக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஏரி யாருடையது?

கண்டிக்குப் போகாத தொழிலாளி இல்லை. ஆஸ்பத்திரிக்கு, சேமலாப நிதிக் காசு விசாரிக்க, பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க என்று போகிறோம். பஸ் வரும் வரை வாவிக் கரையில் நிற்கிறோம். அந்த வாவி தானாக உண்டானதல்ல. 1807இல் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்தை மறித்துக் கட்டுவித்தது. மண் சுமந்தவர்கள் ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் பிடித்துவரப்பட்ட சனங்கள். மறுத்தவர்களை வாவியின் அடியிலேயே கழுவேற்றினான் என்று இன்றும் கண்டியில் கதை சொல்கிறார்கள். தமிழ் தெரிந்த ராஜா என்று நாம் பெருமை பேசி என்ன பயன்? நடுவில் உள்ள தீவு அவனுடைய அந்தப்புரத்துக்குக் குளிக்கும் இடம். பிறகு வந்த வெள்ளைக்காரன் அதை வெடிமருந்துக் கிடங்காக்கினான்.

ராஜா போனான், வெள்ளைக்காரனும் போனான். இன்று அந்த வாவியைச் சுற்றி யாரும் நடக்கலாம், டிக்கட் இல்லை. ஒரு காலத்தில் ராஜாவின் உல்லாசத்துக்கு என்று கட்டியது இன்று எல்லோருக்கும் பொது இடம். அது பொதுவாக முடியும் என்றால், மலையில் உள்ள ஏரி ஏன் முடியாது?

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக எல்கடுவைக்கு ஏறினால் செம்புவத்த ஏரி. மாத்தளை மாவட்டம் என்றாலும் கண்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கும் இடம். மலை ஊற்றுத் தண்ணீரைத் தேக்கிய ஏரி, சுற்றிலும் தேயிலை. படகு இருக்கிறது, நீச்சல் தடாகம் இருக்கிறது, வாசலில் டிக்கட் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஹுனாஸ் நீர்வீழ்ச்சி. கீழே இறங்கினால் ஹுலு கங்கை, அதற்கும் கீழே விக்டோரியா நீர்த்தேக்கம். 1985இல் நிரம்பிய அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய தெல்தெனிய டவுன் கிடக்கிறது. மழை இல்லாத காலத்தில் அதன் சுவர்கள் தலை நீட்டினால் படம் எடுக்கக் கூட்டம் வரும். மறுகரையில் திகனைப் பக்கம் கோல்ஃப் மைதானம்.

இந்த அழகுக்கு யாரும் பொறாமைப்படவில்லை. ஆனால் நிலம் யாருடையது என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவத்தைக் கம்பனிகளின் கையில் கொடுத்தார்கள். நிலத்தைக் கொடுக்கவில்லை. கம்பனிகளுக்கு இருப்பது 2045 வரையிலான குத்தகை. எல்கடுவ நிறுவனம் போன்றவை இன்னும் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கின்றன. ஆகவே தோட்டத்து ஏரி கம்பனியின் சொத்தும் அல்ல, துரையின் சொத்தும் அல்ல. அது பொதுச் சொத்து. பொதுச் சொத்துக்குக் கேட் போட்டால், அந்தக் கேட்டில் விழும் காசு எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை பொதுசனத்துக்கு உண்டு. அந்த மண்ணிலேயே நான்கைந்து தலைமுறையாகப் பிறந்து புதைந்தவர்களுக்கு எல்லோருக்கும் முதலில் உண்டு.

அரசாங்கத்தின் கையில் உள்ள தோட்ட நிறுவனங்கள் தொழிலாளருக்குக் கட்ட வேண்டிய சேமலாப நிதி, நம்பிக்கை நிதி நிலுவை பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விடயம். ஓய்வு பெற்ற தொழிலாளி தன் காசுக்கு ஏறி இறங்கும்போது, அதே நிர்வாகத்தின் நிலத்தில் டிக்கட் விற்கிறார்கள் என்றால், கணக்கைக் காட்டு என்று கேட்பதில் என்ன தப்பு?

இனி டிக்கட் கணக்கு. எந்தத் தோட்டத்து ஏரியானாலும் கேட்டில் எழுதியிருக்கும் விலையை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். அதை ஒரு நாள் பேருக்குப் பக்கத்தில் வையுங்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் அந்த ஒரு நாள் பேர் 1,350 ரூபாவாக இருந்தது. அதுவும் நிறை வந்தால்தான். வராவிட்டால் அரைப் பேர். வாசலில் காவற்காரரே வேண்டாம், அந்த விலைப் பலகையே நம் பிள்ளைகளை விரட்டிவிடும்.

நடக்கும் பாதையை வெட்டியவர்கள்

இப்போது பீக்கோ டிரெயில் என்று ஒரு பாதை பேர் வாங்கியிருக்கிறது. ஹந்தானையில் தேயிலை நூதனசாலைக்குப் பக்கத்தில் தொடங்கி கலஹா, லூல்கந்துர என்று போய், மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடியும். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்திருக்கின்றன. வெளிநாட்டார் முதுகில் பை போட்டு நடந்து வருகிறார்கள். நல்ல மனிதர்கள், லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை.

நம் சண்டை வேறு. அது புதிதாகப் போட்ட பாதை அல்ல. கோப்பி மூட்டையும் தேயிலைப் பெட்டியும் இறக்குவதற்கு நம் பாட்டன் பூட்டன் காட்டை வெட்டிப் போட்ட பாதை. பெரட்டுக்கும் கொழுந்து மலைக்கும் நாம் தினமும் ஏறி இறங்கும் பாதை. வருகிறவர்களுக்கு அதில் காட்டப்படும் பெயர் ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துர, 19 ஏக்கர். சரிதான், அது நடந்த விடயம். ஆனால் 19 ஏக்கரை ஒரு டெய்லர் தனியாக வெட்டிக் கொத்தி நட்டாரா?

அதே ஹேவாஹெட்டப் பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டதில் தோழர் கோவிந்தன் அங்கே விழுந்தார். டெய்லர் பெயர் தெரிந்து போகிற பிரயாணி கோவிந்தன் பெயரும் தெரிந்து போகட்டும். அதைச் சொல்லிக் கூட்டிப் போகும் வேலைக்கு நம் படித்த பிள்ளைகளை விடப் பொருத்தமானவர் யார்?

நடையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்தோமே, மலையகம் 200 நடைபயணம், அதுவும் ஒரு நடைதான். 200 வருடத்துக்கு முன் நம் முன்னோர் காட்டுவழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்து விழுந்து வந்த தடத்தில் நடந்தோம். கேட்டது வீடு, காணி, சம்பளம், சமத்துவமான குடியுரிமை. அந்தக் கோரிக்கைகள் பாதி கிடப்பில் இருக்கின்றன. அதற்குள் நம் லயத்து வாசலைத் தாண்டிச் சுற்றுலாப் பாதை போகிறது. லயம் படத்தில் வருகிறது, லயத்துக்கு உறுதி வரவில்லை.

தண்ணீர் யாருக்கு முதலில்?

மகாவலியின் மேல்பக்கம், தலவாக்கலையில் சென் கிளயார் நீர்வீழ்ச்சி இருக்கிறது. மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபோது தண்ணீர் சுரங்கத்துக்குள் போய்விடும், அருவி வற்றிவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் பார்க்க வருகிறவர்களுக்காகப் பகல் நேரத்தில் அருவிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நல்ல காரியம், அருவி வற்றக்கூடாது. ஆனால் யோசியுங்கள்: ஓர் அருவி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீருக்கு மணிக்கணக்கு எழுத இந்த நாட்டு அதிகாரிகளால் முடிகிறது. லயத்துப் பீலியில் இத்தனை மணிக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று எழுதி வைத்த நிபந்தனையை யாராவது பார்த்ததுண்டா? பங்களாவை ஹோட்டலாக்கினால் மேலே உள்ள ஊற்றிலிருந்து முதல் குழாய் அங்கே போகிறது. மிச்சம் வந்தால் லயத்துக்கு. இது பல தோட்டங்களில் நாம் தினம் கேட்கும் முறைப்பாடு.

இன்னொரு விடயம் நெஞ்சை அடைக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பொடியன்கள் ஊருக்கு வருகிறார்கள். வருடத்தில் கிடைக்கும் நான்கு நாள். எங்கே போவார்கள்? டிக்கட் இல்லாத இடத்துக்குப் போவார்கள். டிக்கட் இல்லாத இடம் என்றால் மகாவலியின் சுழி, ஓயாவின் கசம், டேம் கரை. அங்கே பாதுகாப்பு வளையம் கிடையாது, நீந்திக் காப்பாற்றத் தெரிந்தவர் கிடையாது. எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் பல இடத்தில் தமிழில் இல்லை. மேலே மழை பெய்தாலோ வான்கதவு திறந்தாலோ கீழே தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் எங்காவது ஒரு லயத்தில் ஒப்பாரி கேட்கிறது. காசு கொடுத்தவர் உயிர்காப்பு அங்கி போட்டுப் படகில் ஏறுகிறார். காசில்லாதவர் பிள்ளை கசத்தில் இறங்குகிறான். இது விதி என்று சொல்லாதீர்கள். நல்ல கரையை வேலி போட்டு எடுத்துக்கொண்டு, கெட்ட கரையை நமக்கு விட்டதால் வந்த சாவு.

"வேலை கிடைக்குதே" என்பவர்களுக்கு

சுற்றுலா வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கே வேலை என்கிறார்கள். என்ன வேலை? அறை கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, புல் வெட்டுவது, பை தூக்குவது. நியமனக் கடிதம் இருக்கிறதா? சேமலாப நிதி பிடிக்கிறார்களா? பிள்ளை பெற்றால் லீவு உண்டா? மழைக்காலத்தில் ஆள் வராவிட்டால் சம்பளம் உண்டா? இந்த நான்கு கேள்விக்கும் 'ஆம்' என்றால் அது வேலை. இல்லையென்றால் அது கங்காணிக் காலத்துப் பழைய கூலிதான், சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறது.

கொழுந்து மலைக்கு வந்து படம் எடுக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையும் குளவியும் இருக்கிற மலையில், நிறைக்கு ஓடுகிற பெண்ணை நிறுத்தி, கூடையோடு சிரிக்கச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிடக் கொழுந்து போச்சு. கணக்கப்பிள்ளை ஏசுவார். அந்தப் படம் ஹோட்டல் விளம்பரத்தில் வரும். படத்தில் சிரிக்கிறவருக்கு அந்த ஹோட்டல் வாசல் தெரியாது. கேட்காமல் படம் எடுக்காதே என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதைச் சொன்னால் துரை கோபிப்பார் என்று பயப்படவும் தேவையில்லை. சங்கம் பக்கத்தில் நிற்கும்.

ஓய்வு கேட்பது திமிரா?

இனி பின் வரிசைத் தோழருக்கு. வயிற்றுக்கில்லாதவனுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்பது அவருடைய வாதம். அவர் கெட்டவரல்ல, சம்பளப் போராட்டத்தில் மண்டை உடைந்தவர். ஆனால் இந்த வாதம் முதலில் யார் வாயில் பிறந்தது என்று யோசிக்க வேண்டும். கூலிக்கு எதற்குப் பள்ளிக்கூடம், கூலிக்கு எதற்குக் கக்கூசு, கூலிக்கு எதற்கு வோட்டு என்று கேட்ட வாய்தான் கூலிக்கு எதற்கு ஏரி என்றும் கேட்டது. அதை நாமே திரும்பச் சொல்லலாமா?

மே தினம் வருகிறது. கொடி பிடிக்கப் போகிறோம். அந்தக் கொடியின் ஆரம்பக் கோரிக்கை என்ன? 1886இல் சிக்காகோ தொழிலாளர் ரத்தம் சிந்தியது எட்டு மணி நேர வேலைக்காக. எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், மீதி எட்டு மணி தொழிலாளியின் சொந்தம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். நம் பெண்களுக்கு அந்த மூன்றாவது எட்டு எங்கே? கோழி கூவுமுன் அடுப்பு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளை, பெரட்டு, மலை, நிறுவை, திரும்பி வந்து விறகு, தண்ணீர், சமையல். ஞாயிற்றுக்கிழமை என்றால் கைக்காசுக்குக் கொழுந்து. ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார ஆசைப்பட்ட அந்தத் தோழியர் கேட்டது இந்த மூன்றாவது எட்டைத்தான்.

1948 டிசம்பரில் உலக மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் 24ஆம் உறுப்புரை ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் எல்லா மனிதருக்கும் உரிமை என்கிறது. அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமையைப் போராடி மீட்டோம். ஓய்வை இன்னும் மீட்கவில்லை. 1958இல் சர்வதேச தொழில் நிறுவனம் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சமவாயம் கொண்டுவந்தது. வாராந்த ஓய்வு, சம்பளத்துடன் வருடாந்த விடுமுறை, வீட்டு வசதி எல்லாம் அதில் இருக்கின்றன. இலங்கை அதை ஏற்றுக் கையொப்பமிட்ட நாடு.

வெளிநாட்டில் இதைக் கேட்டவர்கள் நம்மைப் போன்ற தொழிலாளர்தான். 1932 ஏப்ரல் 24இல் இங்கிலாந்தில் மன்செஸ்டர் ஆலைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் தடையை மீறி ஏறினார்கள். பிரபுக்கள் பறவை சுடுவதற்கென்று பூட்டி வைத்திருந்த மலை அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் பொதுசனம் மலைகளில் நடப்பதற்கு வழிசெய்யும் சட்டமே வந்தது. 1936இல் பிரான்ஸ் தொழிலாளர் ஆலைகளுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து இரண்டு வாரச் சம்பள விடுமுறை வாங்கினார்கள். அந்தக் கோடையில் பலர் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள். அவர்களும் சம்பளம் போதாதவர்கள்தான். சம்பளம் முழுதாக வரட்டும், பிறகு ஓய்வைக் கேட்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இவற்றையும் மேசையில் வைக்க வேண்டும் என்று எல்லாத் தோட்டக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

1. தோட்டத்து ஏரி, அருவி, பங்களா, பாதை எதிலிருந்து சுற்றுலா வருமானம் வந்தாலும் அதில் ஒரு பங்கு தொழிலாளர் நலன்புரி நிதிக்கு வர வேண்டும். மாதக் கணக்கைப் பெரட்டுக் களத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும்.

2. தோட்டத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஏரிக்குள் போக டிக்கட் கூடாது.

3. லயத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க வேண்டும். குளிக்கும் இடங்களில் பாதுகாப்பு வளையம், கயிறு, மும்மொழி எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும்.

4. ஊற்றுத் தண்ணீர் முதலில் லயத்துப் பீலிக்கு, பிறகுதான் நீச்சல் தடாகத்துக்கு.

5. சுற்றுலா வேலைகளில் தோட்டத்து இளைஞர், யுவதிகளுக்கு முதலிடம். நியமனக் கடிதம், சேமலாப நிதி, வழிகாட்டிப் பயிற்சி மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

6. சுற்றுலாவுக்குப் புதிதாக ஓர் அங்குலக் காணி கொடுக்கும் முன் தொழிலாளிக்கு வீட்டுக் காணி உறுதி. சொந்த வீடு இருந்தால் வருகிற பிரயாணியை நாமும் ஒரு தேத்தண்ணி கொடுத்துத் தங்க வைத்துச் சம்பாதிக்கலாம்.

7. வருடத்தில் ஒரு தடவை சம்பளத்தோடு குடும்பச் சுற்றுலா நாள்.

எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது. ஆனால் இரண்டாவது கோரிக்கைக்கு அரசாங்கமும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம். ஒரு துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதினால் போதும். அதை முதலில் பிடிப்போம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அந்த மாதர் தலைவி கட்டாயம் வர வேண்டும். அவர் முறைப்பாடு இந்தத் தடவை கூட்டக் குறிப்பில் முதலாவதாக ஏறும். பின் வரிசைத் தோழர் அதை வழிமொழிவார் என்று எதிர்பார்க்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். போன மாதம் சிரித்ததற்கு அதுதான் நான் செய்யக்கூடிய பரிகாரம்.

தோழமையுடன்,
மாவட்டக் கமிட்டி உறுப்பினர் ஒருவர், கண்டி